முறுக்கிணை வடத்தில் ஒலி-நிகழ்படக் குறிகைகள்

முறுக்கிணை வடம் என்பது காப்பிடப்பட்ட இரண்டு செப்புக் கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி அமைக்கப்படும் மின்வடம் ஆகும். அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881 இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். தொலைபேசிக்கென உருவான இவ்வடம் பின்னர் கணினி வலையமைப்புகளிலும், ஒலி, நிகழ்படக் குறிகைகளை அனுப்புவதிலும் பயன்பாட்டுக்கு வந்தது. விலை குறைவும் நிறுவும் எளிமையும் இதன் நிறைகள். தொலைவு கூடக்கூட, அனுப்பக்கூடிய தகவலின் அளவு விரைந்து குறைவது இதன் முதன்மையான குறை ஆகும்.

செயற்பாடு

இரு கம்பிகளிலும் குறிகை எதிரெதிராகச் செல்கிறது. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டையும் ஏறத்தாழ ஒரே அளவில் தாக்குகிறது. பெறும் கருவி இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்வதால் இரைச்சல் நீங்கிவிடுகிறது.

வரம்புகள்

மெலிவு: அதிர்வெண் உயர உயரக் குறிகை கூடுதலாக மெலிகிறது. பேச்சொலிக்குச் சில ஆயிரம் ஹெர்ட்ஸ் போதும். நிகழ்படத்துக்கு மெகாஹெர்ட்ஸ் அளவில் தேவை. எனவே பேச்சு தெளிவாகக் கேட்கும் கம்பியில் நிகழ்படம் செல்லாமல் போகலாம்.

குறுக்குப் பேச்சு: ஒரே வடத்தில் உள்ள ஓர் இணையின் குறிகை அடுத்த இணையில் கசிகிறது. இதைக் குறைக்க ஒவ்வோர் இணையும் வெவ்வேறு முறுக்களவில் அமைக்கப்படுகிறது.

தாமத வேறுபாடு: முறுக்களவு வேறுபடுவதால் இணைகளின் நீளமும் வேறுபடுகிறது. ஐந்தாம் வகை மேம்பட்ட வடத்தில் 100 மீட்டருக்கு 45 நானோநொடி வரை வேறுபாடு ஏற்கப்படுகிறது. சிவப்பு, பச்சை, நீல நிறங்களைத் தனித்தனி இணைகளில் அனுப்பினால், 1024×768 அளவுள்ள படத்தில் நிறங்கள் ஏறத்தாழ மூன்று படப்புள்ளிகள் விலகித் தெரியக்கூடும்.

பட்டையகலம்: சுருக்கப்படாத 1920×1080 நிகழ்படம், நொடிக்கு 60 சட்டங்கள் எனில், ஏறத்தாழ 3 கிகாபிட் வேகம் வேண்டும். பரவலான கிகாபிட் ஈதர்நெட் இதற்குப் போதாது. 2010 இல் தொடங்கப்பட்ட எச்டிபேஸ்-டி கூட்டமைப்பின் முறை, இத்தகைய நிகழ்படத்தை 100 மீட்டர் வரை கொண்டுசெல்கிறது. அதற்கு மேல் சுருக்கி அனுப்புவதோ ஒளியிழையோ தேவைப்படும்.

தொலைபேசிக் கம்பியில் நிகழ்படம்

பி.எஸ்.என்.எல் நிறுவனம் 2005 சனவரியில் தொலைபேசிக் கம்பி வழியே அகலப்பட்டைச் சேவையைத் தொடங்கியது. ஏ.டி.எஸ்.எல் 2+ முறையில் இணைப்பகத்தின் அருகே நொடிக்கு 24 மெகாபிட் வரை பெறலாம். சுமார் 5 கிலோமீட்டருக்கு அப்பால் இணைப்புக் கிடைப்பதே அரிது. மேலும், பயனரிடமிருந்து வெளிச்செல்லும் வேகம் சுமார் 1 மெகாபிட் மட்டுமே. படம் பார்க்க இது தடையன்று. மாணவர் கேள்வி கேட்கும் இருவழி வகுப்புக்கும், மருத்துவர் நோயாளியைப் பார்க்கும் தொலைமருத்துவத்துக்கும் இது தடையாகும்.

கல்வராயன் மலை

2019 இல் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கே உள்ள கல்வராயன் மலை, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகும். இங்கு மலையாளி பழங்குடியினர் வாழ்கின்றனர். வெள்ளிமலை உள்ளிட்ட ஊர்கள் சமவெளியின் இணைப்பகங்களிலிருந்து மேற்கண்ட எல்லைக்கு வெகு அப்பால் உள்ளன. இங்குக் கணக்கில் கொள்ள வேண்டியது நேர்கோட்டுத் தொலைவன்று, சாலையின் வளைவுகளைப் பின்பற்றும் கம்பியின் நீளமே ஆகும். மலைமேல் இணைப்பகக் கருவியை நிறுவினால் இந்நீளம் குறையும். ஆயினும் அக்கருவியைச் சமவெளியோடு இணைக்க ஒளியிழையோ நுண்ணலைத் தொடர்போ இன்றியமையாதது. எனவே செப்புக் கம்பி இறுதி ஓரிரு கிலோமீட்டருக்கும் பள்ளி, மருத்துவமனைக் கட்டடங்களின் உட்புறத்துக்குமே பொருந்தும்.

ஒளியிழையில் மெலிவு மிகக் குறைவு. உலோகமற்ற ஒளியிழை வடம் மின்னலின் மின்னெழுச்சியையும் கடத்தாது. தமிழ்நாட்டில் பாரத்நெட் திட்டத்தின் இரண்டாம் கட்டம், டான்பிநெட் எனப்படும் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் வழியாக 12,525 ஊராட்சிகளை ஒளியிழையால் இணைப்பதை இலக்காகக் கொண்டது.