விளக்கெண்ணெய் வாசனை

சிறு வயதில் விளக்கெண்ணெய் குடிக்காதவர்கள் பாக்கியசாலிகள். எங்கள் வீட்டில் மாதம் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், பாட்டி கரண்டியும் கையுமாக வந்து நிற்பாள். ஆகையால், பல வருஷங்களுக்குப் பிறகு ஒரு மைதானத்தில் என்.சி.சி. விமானப் பிரிவு மாணவர்கள் மாதிரி விமானம் ஒன்றைக் கிளப்பியபோது, அதன் புகையில் அந்த வாசனை அடித்ததும் நான் இரண்டடி பின்வாங்கினேன். ஆமணக்குக்கும் ஆகாயத்துக்கும் என்ன சம்பந்தம்? அதைத் தேடிப் போனதில் ஒரு நல்ல கதை அகப்பட்டது.

1934-ல் அமெரிக்காவில் பிரௌன் ஜூனியர் என்ற குட்டிப் பெட்ரோல் எஞ்சின் கடைக்கு வந்தது. உள்ளங்கையில் அடங்கிவிடும். டூ-ஸ்ட்ரோக் ஜாதி. வால்வு கிடையாது, சிலிண்டர் சுவரில் வெட்டிய துவாரங்களைப் பிஸ்டனே மேலும் கீழும் போய்த் திறந்து மூடும். இதைவிட எளிய யந்திரம் உண்டா என்று தோன்றும். ஆனால் பெட்ரோலைப் பற்றவைக்கப் பொறி வேண்டுமே! பொறிக்கு ஒரு காயில். காயிலுக்கு ஒரு பாட்டரி. இவற்றுக்கிடையில் கண்டென்ஸர், தொட்டும் விட்டும் துடிக்கும் பாயிண்டு, நாலு முழம் கம்பி. கைக்குழந்தையோடு ஊருக்குப் புறப்பட்டால் மூட்டை முடிச்சுத்தானே அதிகம்? இதுவும் அப்படித்தான். பறப்பது எஞ்சின், சுமப்பது அதன் சீர்வரிசை.

எஞ்சின்காரர்கள் சும்மா இருப்பார்களா? துவாரத்தை அராவினார்கள், பிஸ்டனைக் குடைந்து இலேசாக்கினார்கள், சின்னக் காயில் தேடினார்கள். சுமை கொஞ்சம் குறைந்தது. காயிலும் பாட்டரியும் மட்டும் போகவில்லை.

இதற்கு விடை நூறு வருஷத்துக்கு மேலாகவே காத்துக் கிடந்தது. 1817-ல் ஹம்ப்ரி டேவி, சுரங்கத் தொழிலாளரின் விளக்கைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தபோது ஒரு விந்தை கண்டார். சூடான பிளாட்டினக் கம்பியை, எரியக்கூடிய வாயுவும் காற்றும் கலந்த கலவையில் பிடித்தால், சுவாலை இல்லாமலே கம்பி தகதகவென்று ஒளிர்ந்துகொண்டிருந்தது. பிளாட்டினம் தான் எரியாது. தன்மேல் படும் ஆவியை எரியச் செய்து, அந்தச் சூட்டிலேயே கனலும்.

1947-ல் ரே ஆர்டன் என்ற அமெரிக்கர் இந்தப் பழைய விந்தையை ஒரு சின்னத் திருகுக்குள் அடைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஸ்பார்க் பிளக் இருந்த இடத்தில், சுருட்டிய பிளாட்டினக் கம்பி உள்ள குளோ பிளக். கிளப்பும்போது மட்டும் ஒன்றரை வோல்ட் பாட்டரியால் கம்பியைச் சூடாக்க வேண்டும். எஞ்சின் பிடித்துக்கொண்டதும் பாட்டரியைக் கழற்றித் தரையிலேயே வைத்துவிடலாம். அழுத்தத்தின் சூடும், மெதனால் ஆவியும் கம்பியை அணையவிடாமல் பார்த்துக்கொள்ளும்.

ஆம், பெட்ரோல் போய் மெதனால் என்னும் சாராயம் வந்தது. அதோடு எண்ணெயும் மாறியது. விளக்கெண்ணெய் பெட்ரோலில் சரியாகக் கரையாது. மெதனாலில் சுகமாகக் கலந்துவிடும். கொதிக்கிற சூட்டிலும் உலோகத்தை விட்டு விலகாது. பாட்டியின் மருந்து எஞ்சினுக்குள் புகுந்த வழி இதுதான்.

பழைய எஞ்சின் வைத்திருந்தவர்கள் காயிலையும் பாயிண்டையும் கழற்றி எறிந்துவிட்டுக் குளோ பிளக்கைத் திருகினார்கள். சுமை குறைந்தது, வேகம் கூடியது. ஆனால் நஷ்டமும் உண்டு. முன்பு பொறி விழும் நேரத்தை ஒரு சிறு நெம்பால் முன்பின்னாக மாற்றலாம். அந்தப் பிடி கையைவிட்டுப் போயிற்று. மெதுவாக ஓடுவதற்கென்று வார்த்த சில பழைய எஞ்சின்கள் புது வேகத்தைத் தாங்கமாட்டாமல் உடைந்தும் போயின.

என் சித்தப்பா பையனிடம் அப்படிப்பட்ட குட்டி எஞ்சின் ஒன்று இருந்தது. புகை போகும் துவாரத்தை மேல்பக்கம் கொஞ்சம் உயர்த்தினால் சுற்று கூடும் என்று எங்கோ படித்துவிட்டான். படித்தது பொய்யல்ல. ஊசி அரத்தால் மயிரிழை அராவினான், வேகம் கூடியது. மறுபடி ஒரு மயிரிழை, மேலும் கூடியது.

"இன்னும் ஒரே ஒரு இழை, அண்ணா!" என்றான்.

"செய்துதான் பாரேன்" என்றேன் நான். தடுத்திருக்கலாம். எனக்கும் பார்க்க ஆசையாக இருந்தது.

அன்று மாலை முழுவதும் விசிறியைச் சுண்டிச் சுண்டி அவன் விரல் வீங்கியது. எஞ்சின் இருமிற்றே தவிர, ஓடவில்லை. துவாரம் அளவுக்கு மேல் சீக்கிரமாகத் திறந்ததில் பலம் பாதி வழியிலேயே வெளியே ஓடிவிட்டது. காயிலைக் கழற்றினால் திரும்ப மாட்டலாம். அராவிய இரும்பை ஒட்டவைக்க முடியுமா?

அவன் அதற்குப் பிறகு விமானம் செய்யவில்லை. எஞ்சினை என்னிடமே கொடுத்துவிட்டான். இப்போது அது என் மேஜைமேல் காகிதம் பறக்காமல் காத்துக்கொண்டிருக்கிறது. எழுதி முடித்த அத்தியாயத்தில் இன்னும் ஒரே ஒரு வரி திருத்தலாமே என்று பேனாவை எடுக்கும்போதெல்லாம் அதை எடுத்து முகர்ந்து பார்க்கிறேன். விளக்கெண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை.