பழங்காசுகளில் போலியும் திருத்தமும் கண்டறிதல்

பழங்காசுகளில் போலியும் திருத்தமும் கண்டறிதல் என்பது நாணயவியலின் ஒரு கிளை ஆகும். காசு முழுவதும் புதிதாகச் செய்யப்பட்டதா, உண்மையான காசின் மீது பின்னாளில் கைவேலை செய்யப்பட்டதா என்ற இரண்டையும் இது ஆராய்கிறது. முன்னது போலி எனவும், பின்னது திருத்தப்பட்ட காசு எனவும் கூறப்படும். திருத்தப்பட்ட காசின் உலோகமும் எடையும் பழைமையும் உண்மையானவை. பொய் ஓர் எழுத்திலோ ஓர் இலக்கத்திலோ மட்டும் இருக்கும். ஆகவே இதனைக் கண்டுபிடிப்பதே கடினமானது. தமிழகத்தில் கோயம்புத்தூர், கரூர், ஈரோடு ஆகிய பகுதிகளை உள்ளடக்கிய கொங்கு நாட்டில் இவ்வாய்வுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு.

கொங்கு நாட்டுக் காசுகள்

மேற்குக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கே சென்ற பண்டைய வணிகப் பாதை கொங்கு நாட்டின் ஊடாகச் சென்றது. நொய்யல் ஆற்றை ஒட்டிய வெள்ளலூரில் 1842ஆம் ஆண்டு 522 உரோம வெள்ளிக் காசுகள் கிடைத்தன. அதே ஊரில் 1891, 1931 ஆகிய ஆண்டுகளிலும் புதையல்கள் வெளிப்பட்டன. உடுமலைப்பேட்டை அருகிலுள்ள பூதிநத்தத்தில் 1946இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உரோம வெள்ளிக் காசுகள் கிடைத்தன. இவற்றுள் மிகுதியானவை அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய பேரரசர்களின் தெனாரியஸ் எனப்படும் காசுகள் ஆகும்.

கரூரின் நிலை வேறு. அங்கு அமராவதி ஆற்று மணலைச் சலிப்போர் கையில் சேரர் காசுகளும் உரோமச் செப்புக்காசுகளும் தொடர்ந்து கிடைத்து வந்துள்ளன. யானையும் வில் அம்பும் பொறித்த சதுரச் செப்புக்காசுகள், மாக்கோதை, கொல்லிரும்பொறை என்ற பெயர்கள் தமிழி எழுத்தில் உள்ள காசுகள் ஆகியன இவற்றுள் அடங்கும். ஆற்றில் கிடைக்கும் காசுக்கு மண்ணடுக்குச் சான்று இல்லை. எந்தக் குழியில், எந்தப் பானை ஓட்டுடன் கிடைத்தது என்று சொல்ல இயலாது. சங்ககால மன்னர் பெயர்களுக்கான சான்றுகளில் ஒரு பகுதி இவ்வாறு வணிகர் கை வழியாக வந்த காசுகளையே நம்பியுள்ளது. இரா. கிருஷ்ணமூர்த்தி 1980களில் வெளிப்படுத்திய ‘பெருவழுதி’ எழுத்துள்ள பாண்டியர் காசும் அகழாய்வில் கிடைத்தது அன்று. எனவே இத்துறையில் நுழையும் ஒரு பொய்க்காசு வாங்கியவரின் பணத்தை மட்டுமன்றி வரலாற்று நூலின் ஒரு வரியையும் கெடுக்கக் கூடியது.

எழுத்து வெட்டுதல்

எழுத்தில்லாத சேரர் காசு விலை குறைந்தது, எழுத்துள்ளது விலை மிகுந்தது. இந்த வேறுபாடே திருத்துவோருக்குத் தூண்டுதல். அச்சடித்த காசில் எழுத்து தரையினின்று மேலெழுந்து நிற்கும். பின்னாளில் எழுத்துச் சேர்க்க விரும்புபவர் எழுத்தை மேலே ஒட்ட முடியாது. அதனைச் சுற்றியுள்ள தரையைச் சுரண்டித் தாழ்த்த வேண்டும். ஆகவே சாய்ந்த ஒளியில் உருப்பெருக்கி கொண்டு பார்த்தால் எழுத்தைச் சுற்றி மட்டும் தரை பள்ளமாகவும், உளி சென்ற கோடுகளுடனும் தெரியும். காசின் பிற பகுதியில் உள்ள பாசி அங்கே இராது, அல்லது வேறு நிறத்தில் இருக்கும்.

எழுத்தின் வடிவமும் ஆராயப்படும். கரூரை அடுத்த புகளூர் ஆறுநாட்டார் மலைக் கல்வெட்டுகளில் சேரல் இரும்பொறை மரபினரின் பெயர்கள் தமிழி எழுத்தில் உள்ளன. இவற்றை ஐராவதம் மகாதேவன் 1965இல் படித்து விளக்கினார். காலம் ஓரளவு உறுதியான இக்கல்வெட்டுகள் ஒப்பீட்டுக்கு உதவுகின்றன. வெவ்வேறு நூற்றாண்டு வடிவங்கள் ஒரே காசில் கலந்து வந்தால் ஐயத்துக்கு இடம் உண்டு. ஆயினும் கல்லில் வெட்டுபவரும் அச்சு வெட்டுபவரும் ஒரே விதமாக எழுதுவர் என்று கொள்ள முடியாது. எழுத்தமைதி ஒன்றை மட்டும் கொண்டு தீர்ப்புக் கூறுவது தவறு.

ஆண்டு மாற்றுதல்

பிரித்தானிய இந்திய ரூபாய்களில் கடைசி இலக்கம் மாற்றப்படுவதுண்டு. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் 1939ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் அரியது, 1938ஆம் ஆண்டு ரூபாய் எளிதில் கிடைப்பது. எனவே 8 என்ற இலக்கம் 9 ஆக்கப்படுகிறது. நல்ல காசின் படத்துடன் ஒப்பிட்டு, இலக்கத்தின் வளைவு, உயரம், மற்ற மூன்று இலக்கங்களுடன் உள்ள இடைவெளி ஆகியவற்றை அளந்தால் வேலைப்பாடு வெளிப்படும். எடை பார்ப்பதால் இங்குப் பயன் இல்லை. இரண்டும் 11.66 கிராம் எடையும் ஒரே தர வெள்ளியும் கொண்டவை.

துளை அடைத்தல்

தென்னிந்தியாவில் பொற்காசுகளைத் துளையிட்டும் வளையம் பற்றவைத்தும் காசுமாலையில் கோப்பது வழக்கம். மாலையிலிருந்து பிரிக்கப்பட்ட காசின் துளையை அடைத்து, அதன் மேல் எழுத்தோ முடியோ மீண்டும் செதுக்கி விற்பது திருத்தங்களுள் பழமையான ஒன்று. அடைத்த இடம் பெரும்பாலும் விளிம்பருகே, மன்னர் தலைக்கு நேர் மேலே இருக்கும். பற்றவைத்த உலோகத்தின் நிறம் சிறிது மாறுபடும்.

சேதமெல்லாம் திருத்தம் அன்று. புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் கிடைத்த 501 உரோமப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசர் தலையின் மீது உளி வெட்டு உள்ளது. இது பண்டைக் காலத்திலேயே இடப்பட்டது. அதன் காரணம் குறித்து அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. இத்தகைய வெட்டை ‘சீர்செய்வது’ சான்றை அழிப்பதாகும்.

வார்ப்புப் போலிகள்

உண்மைக் காசை அச்சாகக் கொண்டு உருக்கி வார்ப்பது எளிய முறை. வார்ப்பில் நுண்ணிய காற்றுக் குமிழிகளும், மழுங்கிய எழுத்தும், விளிம்பைச் சுற்றி அரத்தால் தேய்த்த கோடும் காணப்படும். உலோகம் ஆறும்போது சுருங்குவதால் மூலத்தைவிடச் சற்றுச் சிறிதாக இருக்கும். இரண்டு காசுகளில் ஒரே இடத்தில் ஒரே கீறல் இருந்தால் அவற்றுள் ஒன்றாவது போலி என்பது உறுதி. ஆனால் பண்டைய இந்தியாவில் வார்ப்புக் காசுகளும் வழக்கில் இருந்தன என்பதை மறத்தல் ஆகாது.

பழமை ஏற்றுவதும் ஒரு கலையாகவே வளர்ந்துள்ளது. செருமனியைச் சேர்ந்த கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் (1772-1830) தாமே அச்சு வெட்டிப் பண்டைக் காசுகளை அடித்தவர். இரும்புத் தூள் நிரம்பிய பெட்டியில் அவற்றை இட்டு, குதிரை வண்டியில் கட்டி ஓட்டித் தேயச் செய்தார் என்பர். செப்புக்காசில் நவச்சாரம் முதலியவற்றால் பச்சை ஏற்றுவர். இயற்கையாகப் படிந்த களிம்பு பல அடுக்காக, அடியில் செந்நிறமும் மேலே பச்சையுமாக, உலோகத்துடன் இறுகியிருக்கும். பசையாலும் சாயத்தாலும் பூசியது அசிட்டோனில் கரையும்.

அடர்த்திச் சோதனை

காசைச் சிதைக்காத எளிய சோதனை அடர்த்தி காண்பது. காற்றில் எடை பார்த்து, பின் நூலில் கட்டி நீரில் தொங்கவிட்டு எடை பார்க்க வேண்டும். 3.8 கிராம் உள்ள தெனாரியஸ் நீரில் ஏறத்தாழ 0.37 கிராம் குறைந்தால் அடர்த்தி 10.3 ஆகும். தூய வெள்ளியின் அடர்த்தி 10.49 என்பதால் இது நல்ல வெள்ளி. 0.42 கிராம் குறைந்தால் அடர்த்தி 9.0. அது வெள்ளி பூசிய செம்பாக இருக்கலாம். ஈயம் கலந்து அடர்த்தியை உயர்த்த இயலும் என்பதால் எண் சரியாக வந்தாலும் காசு உண்மை என்று ஆகிவிடாது. எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவியும் மேற்பரப்பையே படிக்கிறது. நெடுங்காலம் மண்ணில் கிடந்த வெள்ளிக் காசின் மேற்பரப்பில் செம்பு கரைந்து வெள்ளி மிகுந்து காட்டும்.

வெள்ளி பூசிய செம்புக் காசு உரோமர் காலத்திலேயே செய்யப்பட்டது. இலத்தீன் எழுத்தறியாத கைவினைஞர் இந்தியாவில் செய்த உரோமக் காசுப் படிகளும் உள. இவை வரலாற்றுச் சான்றுகளே அன்றிக் கழிக்கத்தக்க போலிகள் அல்ல. எழுத்துப் பிழையைக் கண்டதும் தூக்கி எறிந்துவிடக் கூடாது.

துலக்குதல்

புளி, எலுமிச்சை, அமிலம் ஆகியவற்றால் காசைத் துலக்குவது இப்பகுதி வீடுகளில் பரவலான பழக்கம். ஏமாற்றும் நோக்கம் இல்லாவிடினும் இது மேற்பரப்பை அரித்து, மேற்கூறிய சோதனைகள் பலவற்றைப் பயனற்றதாக்குகிறது. தேய்ந்த உண்மைக் காசு துலக்கிய பின் வார்ப்புப் போலி போன்றே தோன்றும்.

சட்டம்

1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்து கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் வேண்டும். நூறாண்டுக்குக் குறையாத காசுகள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைப் புதையல்கள் சட்டத்தின் கீழ்த் தொல்பொருளாகும். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்தல் குற்றம். ஒப்பீட்டுக்குரிய உண்மைக் காசுகளைச் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் தொகுப்பில் காணலாம். அங்குள்ள உரோம, பைசாந்தியக் காசுகளின் விவரப்பட்டியலை டி. ஜி. அரவமுதன் தொகுத்துள்ளார்.