இரு நூற்றாண்டு மறைந்திருந்த வாய்க்கால்

ஓர் ஊர் நலமுற நன்னீர் வரும் வாய்க்காலோடு கழிவுநீர் செல்லும் வாய்க்காலும் வேண்டும். உடலுக்கும் இஃது ஒக்கும். உறுப்புகளில் தேங்கும் நீரையும் கழிவையும் நிணநீர் நாளங்கள் வடித்துச் செல்கின்றன. மூளைக்கு மட்டும் அத்தகைய நாளங்கள் இல்லை என்றே பாடநூல்கள் நெடுங்காலம் கற்பித்து வந்தன. அக்கூற்று மாறிய வரலாறு நம் மாணவர் அறியத்தக்கது.

இத்தாலிய உடற்கூற்றியல் அறிஞர் பாவுலோ மஸ்கான்யி, பிணங்களின் நாளங்களில் பாதரசத்தைச் செலுத்தி ஆராய்ந்து, 1787ஆம் ஆண்டில் மனித நிணநீர் நாளங்களின் படநூலை வெளியிட்டார். மூளையைப் போர்த்தியுள்ள உறையிலும் அந்நாளங்கள் உள்ளன என்றார் அவர். பின்வந்தோர் அதனைப் பொருட்படுத்தவில்லை.

2012இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மைக்கன் நெடர்கார்டு குழுவினர், மூளைத் தண்டுவட நீர் குருதிக்குழாய்களை ஒட்டிய இடைவெளி வழியே சுண்டெலியின் மூளைக்குள் புகுந்து கழிவை அலசிச் செல்வதாக அறிவித்தனர். 2015இல் வர்ஜீனியாவிலும் ஹெல்சிங்கியிலும் இருவேறு குழுவினர் சுண்டெலியின் மூளையுறையில் நிணநீர் நாளங்களைக் கண்டனர். 2017இல் காந்த அதிர்வுப் படமெடுப்பு, உயிருள்ள மனிதரிடத்தும் அவற்றைக் காட்டியது. மஸ்கான்யியின் சொல் 230 ஆண்டுகளுக்குப் பின் மெய்யாயிற்று.

இதனை ஏட்டளவிலான செய்தி எனக் கொள்ளலாகாது. கிளியோபிளாஸ்டோமா என்பது மிகக் கொடிய மூளைக்கட்டி. 2005இல் வெளிவந்த பேராய்வொன்றில், கதிர்வீச்சோடு மருந்தும் பெற்ற நோயாளரின் இடைநிலை வாழ்நாள் 14.6 மாதங்களே. இக்கட்டியைச் சுற்றி நீர் தேங்கி மூளை வீங்குவதால், வடிகால் தடைப்படுகிறதோ என்னும் வினா எழுந்தது. ஜப்பானிய ஆய்வாளர் தாவோக்கா குழுவினர் 2017இல் வெளியிட்ட முறை, குருதிக்குழாய்களை ஒட்டி நீர் நகரும் அளவைக் காந்தப் படத்தினின்று கணிக்கிறது. மூளைக்கட்டி நோயாளரிடம் அவ்வளவு குறைந்திருப்பதைச் சில ஆய்வுகள் கண்டுள்ளன. ஆயினும் அது வடிகாலை நேரே அளப்பதன்று; வீக்கமே கணக்கைப் பிறழச் செய்தலும் கூடும்.

2020இல் யேல் பல்கலைக்கழக ஆய்வினர், கட்டியுள்ள சுண்டெலிகளில் மூளையுறை நாளங்களைப் பெருக்கியபோது, நோய் எதிர்ப்பு அணுக்கள் கட்டியை இனங்கண்டு தாக்கின. சுண்டெலியிடம் கண்டது மனிதருக்கும் பொருந்துமா என்பது தனியே சோதித்தறிய வேண்டியதாகும்.

அச்சேறியதனாலேயே ஒரு கூற்று முடிந்த முடிபாகிவிடாது. ஆசிரியராகிய நாம் கரும்பலகையில் ‘இல்லை’ என்று எழுதுமுன், ‘இதுகாறும் காணப்படவில்லை’ என்று எழுதப் பழகுவோமாக. அவ்வொரு சொல் மாற்றம், நாளைய மஸ்கான்யி ஒருவரின் குரல் கேட்கப்பட வழி செய்யும்.