குடிப்பது ஒருத்தர், தூங்காம இருப்பது நாலு பேர்

தமிழ்நாட்டு மதுவிலக்கு வரலாற்றைத் தேதி வாரியாக எழுதிவிடலாம். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி சேலம் மாவட்டத்தில் தொடங்கினார். வருமான இழப்பை ஈடுகட்ட 1939ல் விற்பனை வரி வந்தது. 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1971ல் தளர்ந்து, சில வருஷத்தில் திரும்பி, 1981ல் மறுபடி தளர்ந்தது. 1983ல் டாஸ்மாக் பிறந்தது. 2003ல் சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போனது. இதில் கடை இருக்கிறது, கஜானா இருக்கிறது. வீடு மட்டும் இல்லை.

வீட்டைப் பார்த்தவர்களும் முதலில் தப்பாகத்தான் பார்த்தார்கள். "அவ ஒழுங்கா இருந்தா அவன் ஏன் குடிக்கிறான்?" என்று நம்ம ஊர்த் திண்ணையில் கேட்பதை அமெரிக்க நிபுணர்கள் சிலர் ஆய்வாகவே எழுதினார்கள். 1953ல் தெல்மா வேலன் குடிகாரர்களின் மனைவிகளை நாலு வகையாகப் பிரித்தார். அவர்களுடைய குணத்திலும் கோளாறு உண்டு என்பது அதன் சாரம். மறு வருஷமே ஜோன் ஜாக்சன் என்ற சமூகவியலாளர் அதைத் திருப்பிப் போட்டார். சியாட்டிலில் அந்த மனைவிகளோடு உட்கார்ந்து கேட்டவர் அவர். மறைப்பது, கெஞ்சுவது, கடைசியில் குடும்பப் பொறுப்பைத் தானே எடுத்துக்கொள்வது எல்லாம் நெருக்கடி படிப்படியாகச் செய்கிற வேலை, பிறவிக் குணமில்லை என்றார்.

உடம்பும் இதற்குச் சாட்சி சொல்கிறது. ராத்திரி பத்து மணிக்கு வண்டிச் சத்தத்தை வைத்தே 'இன்னைக்கு எப்படி வர்றாரு' என்று கணிக்கிற மனைவி, பிள்ளைகளின் மூளையில் ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா ஓய்வதே இல்லை. கார்ட்டிசால் சுரந்துகொண்டே இருந்தால் தூக்கம், ஞாபகம், நிதானம் மூன்றும் கெடும். அவர் குடியை நிறுத்திய பிறகும் அந்தக் காது உடனே அடங்கிவிடாது.

உறவும் இப்படியேதான் அறுகிறது. உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் மொய் நோட்டுதான் சொந்தத்தின் கணக்குப் புத்தகம். காதுகுத்தில் ஒரு தடவை ரகளை ஆனால், அடுத்த விசேஷத்துக்கு அந்தம்மா போகத் தயங்குவார். போகாவிட்டால் செய்முறை நிற்கும். ஆபத்துக்கு ஓடிவர வேண்டிய மாமன் மச்சான் வீடு தூரமாகும். மூத்த பொண்ணு பத்து வயசில் தாயாகிவிடுவாள்.

இந்த வலியை நிறுவனமாக்கியவர் சாந்தி ரங்கநாதன். கணவரைக் குடியால் இழந்தவர், 1980ல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். அங்கே குடும்பத்துக்கும் தனியாகச் சிகிச்சைத் திட்டம் உண்டு. மதுரையில் நந்தினி என்ற சட்டக் கல்லூரி மாணவி தன் அப்பா ஆனந்தனோடு டாஸ்மாக்கை எதிர்த்துத் தெருவில் உட்கார்ந்தார். ஒருவர் வீட்டுக்குள் போனார், இன்னொருவர் கடை வாசலுக்கு. இரண்டும் வேணும் என்பது என் கருத்து. கடையை மூடினாலும், ஏற்கெனவே பயந்து பழகிய மூளை தானாக ஆறாது.

மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு இன்று ராஜாஜி பெயர்தான். மனநலப் பிரிவுக்குக் கணவரைக் கூட்டிவரும் அம்மாவிடம், அவர் எவ்வளவு குடிக்கிறார் என்று எல்லாரும் கேட்பார்கள். "நீ தூங்கி எத்தனை நாளாச்சு தாயி?" என்பதையும் யாராவது கேட்டு, அவருக்கும் ஒரு சீட்டுப் போட வேண்டும்.