மேலூர் கியோஸ்க்குகள்: மறுமுனையில் என்ன நடந்தது?

தமிழ்நாட்டில் மின்னாளுகை என்றாலே இ-சேவை மையத்திலிருந்துதான் பலரும் கதையை ஆரம்பிக்கிறார்கள். அதற்குப் பல வருஷம் முன்னாலேயே, 2001-ல், மதுரை மாவட்டம் மேலூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் இன்டர்நெட் கியோஸ்க்குகள் வந்துவிட்டன. திட்டத்தின் பெயர் 'சாரி'. சென்னை ஐஐடி, எம்ஐடி, ஹார்வர்ட், என்-லாக் நிறுவனம் எல்லாம் சேர்ந்து செய்தது. அசோக் ஜுன்ஜுன்வாலாவின் ஐஐடி குழு உருவாக்கிய 'கார்டெக்ட்' கம்பியில்லாத் தொடர்பு. வேகம் 35 இல்லாட்டி 70 கிலோபிட். இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனா ஒரு மனு அனுப்ப அது தாராளம்.

பிறப்பு, இறப்புச் சான்றிதழுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் ஊரிலிருந்தே விண்ணப்பிக்கலாம் என்றானது. தாலுகா ஆபீசுக்கு ஒரு நடை என்றால் பஸ் காசோடு ஒருநாள் கூலியும் போச்சு என்று இருந்தவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. ராஜேந்திர குமாரும் மைக்கேல் பெஸ்டும் 2006-ல் வெளியிட்ட ஆய்வு, கியோஸ்க் வந்த கிராமங்களிலிருந்து இந்த விண்ணப்பங்கள் கணிசமாகக் கூடியதைக் காட்டுகிறது. அதாவது தேவை முன்பே இருந்தது. நடைக்குப் பயந்துதான் பலர் கேட்காமலே விட்டிருக்கிறார்கள் என்பது என் வாசிப்பு.

அப்புறம் ஏறக்குறைய ஒரு வருஷத்திலேயே அரசுச் சேவை படுத்துவிட்டது.

கிராமத்து ஜனங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியாததால் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆய்வு கைகாட்டுவது அரசாங்கப் பக்கத்தை. பயிற்சி பெற்ற அதிகாரிகள் மாற்றலாகிப் போனார்கள். வந்தவர்களுக்குப் பயிற்சி இல்லை. மேலிடத்து அக்கறையும் தொடரவில்லை. சிலரின் எதிர்ப்பு வேறு (யார் என்று விளக்க வேண்டியதில்லை). முக்கியமாக, ஆபீசின் வேலைமுறையை யாரும் மாற்றவில்லை. மனு மின்னஞ்சலில் வந்தாலும் அதை எடுத்துப் பார்க்க ஒரு ஆள் வேண்டும், பார்த்தபின் அது பழைய ஃபைல் வழியேதான் போகவேண்டும். 'டிஜிட்டல் இடைவெளி' என்று நாம் கிராமத்தில் தேடியதில் பாதி தாலுகா ஆபீசுக்குள் இருந்திருக்கிறது.

கிராமத்திலும் இல்லாமலில்லை. அதே இருவரின் இன்னொரு கட்டுரைப்படி, கியோஸ்க்குக்கு வந்தவர்கள் ஊர்த்தொகையில் சிறு பங்குதான். பெரும்பாலும் படித்த இளவட்ட ஆண்கள். ஆனால் ஒடுக்கப்பட்ட மக்கள் குடியிருக்கும் பகுதிக்குப் பக்கத்தில் கியோஸ்க்கை வைத்த இடங்களில் அவர்களும் வந்திருக்கிறார்கள்.  கடை எந்தத் தெருவில் இருந்தது என்பதும் முக்கியமாக இருந்திருக்கிறது.