கண்ணும் கண்ணோட்டமும்



தொண்டை நாட்டின் பழம்பதிகளுள் ஒன்று குன்றத்தூர். பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பெருமான் தோன்றிய ஊர் அது. தாம்பரத்துக்கு வடக்கே உள்ள அவ்வூரில் சிறு குன்றொன்று உண்டு. அதன் உச்சியில் முருகன் கோயில் கொண்டிருக்கிறான். அங்கு நின்று மேற்கே நோக்கினால் செம்பரம்பாக்கம் ஏரி தோன்றும். அந்திப் பொழுதில் இளைஞர் பலர் அங்கே வந்து, கையடக்கமான தொலைபேசியினாலேயே படம் பிடித்துச் செல்கின்றனர்.

அண்மையில் ஒரு மாலை, கல்லூரி மாணவர் ஒருவர் தாம் எடுத்த இரண்டு படங்களை என்னிடம் காட்டினார். ஒன்றில் ஏரியின் மேல் செங்கதிர் மறைகிறது. எல்லாம் அளவோடு அமைந்திருக்கிறது. மற்றொன்றில், படிக்கட்டின் அடியில் பூத்தொடுக்கும் மூதாட்டி ஒருவர் நிமிர்ந்து பார்க்கிறார். படம் சற்றே சாய்ந்திருக்கிறது. கூடையின் பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. “ஐயா, முதற் படத்தைப் பலரும் பாராட்டினார்கள். இரண்டாவதை அழித்துவிடலாம் என்றிருக்கிறேன். ஆனாலும் மனம் வரவில்லை. இவற்றுள் எது அழகு?” என்று அவர் கேட்டார். உடனே விடை கூற எனக்கு இயலவில்லை. அவ்வினாவுக்கு வரலாற்றில் விடை தேடியதன் பயனே இன்றைய பேச்சு.

முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். ‘முருகு’ என்னும் தமிழ்ச் சொல்லுக்கு அழகு, இளமை, மணம், தெய்வம் எனப் பல பொருள் உண்டு. குன்றத்தூருக்கு அண்மையிலுள்ள துள்ளம் என்னும் சிற்றூரில் 1883ஆம் ஆண்டு பிறந்த திரு. வி. கலியாணசுந்தரனார், தம் நூல் ஒன்றுக்கு ‘முருகன் அல்லது அழகு’ என்றே பெயரிட்டார். அழகைப் பொருளின் மேற்பூச்சாக நம் முன்னோர் கருதவில்லை என்பதற்கு இச்சொல்லே சான்று. மணம் மலரினுள்ளேயே பிறப்பது. அதனை உணர ஒருவர் அருகில் வரவேண்டும். அழகும் அத்தகையதே.

ஆனால் காமிரா என்னும் கருவிக்கு மணமும் தெரியாது, மனமும் கிடையாது. அது எப்படி அழகைக் காட்டும்? இந்த ஐயம் புகைப்படக்கலை பிறந்த நாள்தொட்டே இருந்து வருகிறது.

1839ஆம் ஆண்டு பாரிஸ் நகரில், தகேர் என்பவர் கண்ட முறை உலகுக்கு வெளியிடப்பட்டது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் உருவம் பதிந்தது. இங்கிலாந்தில் டால்பட் என்பவர் காகிதத்தில் உருவத்தைப் பதிக்கும் வழியைக் கண்டார்; 1841இல் அதற்கு உரிமையும் பெற்றார். தகட்டில் ஒரே படம்தான் கிடைக்கும். காகித முறையிலோ, ‘நெகடிவ்’ என்று நாம் சொல்லும் எதிர்ப்படம் ஒன்றிலிருந்து படிகள் பல எடுக்கலாம். இம்முறை விரைவிலேயே நம் நாட்டுக்கும் வந்தது. 1850இல் மருத்துவர் அலெக்ஸாண்டர் ஹன்டர் சென்னையில் கலைப்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரியின் தோற்றம் அதுவே. 1856இல் சென்னையில் புகைப்படச் சங்கமும் நிறுவப்பட்டது.

மறு ஆண்டில், லின்னேயஸ் டிரைப் என்னும் படைத் தலைவர் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராகப் பணி தொடங்கினார். பழங்கோயில்கள், அரண்மனைகள், கோட்டைகள் ஆகியவை சிதைந்து போகுமுன் அவற்றைப் படமாகப் பதிவு செய்வதே அவருக்கு இடப்பட்ட பணி. 1857 இறுதியில் புறப்பட்டு, 1858இன் முற்பகுதிக்குள் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் ஆகிய இடங்களைப் படமெடுத்தார். ஒரு பெட்டியளவு பெரிய காமிரா, மெழுகு ஊட்டிய காகிதம், மருந்துப் புட்டிகள், இவற்றை ஏற்றிச் செல்ல மாட்டு வண்டிகள். ஒரு படத்துக்கு நெடுநேரம் ஒளி பட வேண்டும். அதற்குள் நடந்து சென்றவர்கள் படத்தில் பதியாமலே மறைந்து போவர். ஆகவேதான் அவர் எடுத்த மதுரைத் தெருக்களும் மண்டபங்களும் ஆளரவமற்று, ஏதோ கனவில் கண்டவைபோல் தோன்றுகின்றன. அன்று சிதைந்து கிடந்த திருமலை நாயக்கர் மகாலின் தூண்களில் வெயிலும் நிழலும் மாறி மாறி விழுவதை அவர் படங்களில் இன்றும் காணலாம்.

அவற்றுள் ஒன்றை மட்டும் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்து அடித்தளத்தில் இராசராச சோழனின் கல்வெட்டுகள் வரிவரியாக ஓடுகின்றன. நீண்டு செல்லும் அவ்வெழுத்து வரிகளை ஒரே படத்தில் அடக்க இயலாது. டிரைப் என்ன செய்தார்? காமிராவைச் சுவரோரமாகச் சிறிது சிறிதாக நகர்த்தி, பகுதி பகுதியாக எடுத்தார். இவ்வாறு எடுத்த 21 படங்களை ஒட்டிச் சேர்த்து, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். அழகுக்காக அவர் அதைச் செய்யவில்லை. கற்றவர்கள் படித்தறிய வேண்டும் என்பதற்காகவே செய்தார். ஆயினும் இன்று அதனைக் காண்போர் வியந்து நிற்கின்றனர். ஏன்? ஒவ்வோர் எழுத்துக்கும் அவர் ஒரே அளவு மதிப்புத் தந்திருக்கிறார். எதையும் விட்டுவிடக்கூடாது என்ற கவலை அதில் தெரிகிறது. அக்கவலையே அழகாயிற்று.

அக்கோயிற் கல்வெட்டுகள் கூறும் செய்தியும் எண்ணத் தக்கது. தான் கொடுத்தவற்றையும், தமக்கை குந்தவையார் கொடுத்தவற்றையும், தேவியரும் பிறரும் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டுமாறு மன்னன் பணித்தான். நானூறு ஆடல் மகளிர் அங்கே குறிக்கப்பட்டுள்ளனர். வண்ணார், நாவிதர், தையற்காரர், குயவர் ஆகியோருக்கும் அந்த வரிசையில் இடம் இருக்கிறது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்கு முன்பே, பெரியவரும் எளியவரும் ஒரே சுவரில் பதியப்பெற்றனர்.

டிரைப்பின் பணி நெடுநாள் நீடிக்கவில்லை. 1859இல் ஆளுநராக வந்த டிரெவெல்யன், செலவு மிகுதி என்று கருதி அதனை நிறுத்திவிட்டார். ஆனால் டிரைப்பைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அக்காலக் காகிதம் நீல ஒளியை அளவுக்கு மேல் ஏற்கும். கட்டடம் சரியாகப் பதிவதற்குள் வானம் வெறும் வெண்மையாகிவிடும். அக்குறையைப் போக்க அவர் எதிர்ப்படத்தின்மேல் தூரிகையால் மேகங்களைத் தீட்டியிருக்கிறார். இது பொய்யா? இன்றைய தொலைபேசிகள் நம்மைக் கேளாமலே வானத்தை நீலமாக்கி, முகத்தை வெளுப்பாக்கித் தருகின்றனவே, அது பொய்யா? நான் இவ்வாறு கருதுகிறேன்: ஒரு மேகத்தைச் சேர்ப்பதனால் எவருக்கும் தீங்கில்லை. ஆனால் ஒரு மனிதரை மாற்றுவதும் மறைப்பதும் அத்தகையன அல்ல.

இனி, கேட்பதற்கே துன்பம் தரும் ஒரு செய்தி. 1876 முதல் 1878 வரை தென்னாட்டைப் பெரும் பஞ்சம் வாட்டியது. மாண்டவர் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டவர் என்பது பலரும் ஏற்கும் கணக்கு. அப்போது வில்லபி வாலஸ் ஹூப்பர் என்னும் சென்னைக் குதிரைப்படை அதிகாரி, பட்டினியால் என்பும் தோலுமாய்ப்போன மக்களைக் குழுக்குழுவாக அமர்த்திப் படமெடுத்தார். முன்வரிசையில் சிலர் அமர்ந்திருக்கின்றனர். பின்வரிசையில் சிலர் நிற்கின்றனர். ஒளியில் குறையில்லை; அமைப்பில் குறையில்லை; திருமணக் குழுப்படத்தின் ஒழுங்கு அதில் இருக்கிறது. அந்த ஒழுங்குதான் நம் நெஞ்சைச் சுடுகிறது. இதே அதிகாரி 1886இல் பர்மாவின் மாண்டலே நகரில், மரண தண்டனை நிறைவேற்றப்படும் நொடியைப் படமெடுத்தார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. விசாரணை நடந்தது, அவர் கண்டிக்கப்பட்டார்.

மாணவர்களே, டிரைப்புக்கும் ஹூப்பருக்கும் கருவி ஏறக்குறைய ஒன்றே. தொழில் தேர்ச்சியும் இருவருக்கும் உண்டு. வேறுபாடு எங்கே? பஞ்சப் படங்கள் இன்று நமக்குச் சான்றாகப் பயன்படுகின்றன; அந்தக் கொடுமையை எவரும் மறுக்க இயலாதபடி செய்கின்றன. ஆயினும் அவற்றை அழகென்று சொல்ல நம் நா எழாது. கல்லெழுத்துக்குக் கிடைத்த மதிப்புக்கூட அந்த மனிதருக்குக் கிடைக்கவில்லை. பெயரும் ஊரும் அறியாத உருவங்களாகவே அவர்கள் நிற்கின்றனர்.

கண் காணும் முறையைச் சற்று ஆராய்ந்தால் இது விளங்கும். நம் கண்ணில் மிகத் தெளிவாகக் காணும் பகுதி மிகச் சிறியது. ஆதலால் கண் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை. இங்கும் அங்கும் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஓடிச் சேர்த்தவற்றை மனம் ஒன்றாக்கிக் காட்சியாக நமக்குத் தருகிறது. வேண்டியதை நாடி ஓடுவதும் வேண்டாததை விட்டுவிடுவதும் கண்ணின் இயல்பு. காமிராவோ தன் சட்டத்துக்குள் வந்த எல்லாவற்றையும் விருப்பு வெறுப்பின்றி ஏற்கும். எதைச் சட்டத்துக்குள் வைப்பது, எதை வெளியே நிறுத்துவது, எந்த ஒளிக்காகக் காத்திருப்பது என்பவற்றை முடிவு செய்வது அதன் பின்னே நிற்கும் மனிதரே.

கண் ஓடுவதைக் ‘கண்ணோட்டம்’ என்கிறோம். இரக்கத்துக்கும் தமிழில் அதுவே பெயர். வள்ளுவர் தம் 58ஆம் அதிகாரத்துக்கு அப்பெயரையே இட்டார்; தொடக்கத்திலேயே அதனைப் பேரழகென்று போற்றினார்; கண்ணுக்கு அணியாவதும் அதுவே என்றார். பார்வையும் பரிவும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது நம் மொழியின் பேறு. நல்ல புகைப்படத்துக்கு இலக்கணம் கேட்டால், நான் இந்தச் சொல்லையே சொல்வேன்.

பிறர் குறையைச் சொன்ன நான் என் குறையை மறைத்தல் தகாது. 1991ஆம் ஆண்டு நான் பத்தாம் வகுப்புக்கு ஆசிரியனாக இருந்தேன். ஆண்டிறுதியில் குழுப்படம் எடுக்கும் நாள். காமிராக்காரர் பெஞ்சுகளை இட்டு வரிசையைச் சரி செய்துகொண்டிருந்தார். ஒரு மாணவன் தோளில் கிழிந்த சட்டையோடு நடுவில் வந்து நின்றான். “படம் அழகாக அமைய வேண்டும், நீ பின்னே போய் நில்” என்று அவனைக் கடைசி வரிசைக்கு அனுப்பினேன். உயரமான ஒருவனுக்குப் பின்னால் அவன் நின்றான். படம் வந்தது, அழகாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன்.

அவ்வாண்டு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு அவன் இறந்து போனான். சில வாரங்களுக்குப் பின் அவன் தாயார் பள்ளிக்கு வந்தார். “ஐயா, பள்ளிக்கூடத்தில் படம் எடுத்தீர்களாமே, அதில் என் பிள்ளை இருக்கிறானா? வீட்டில் அவன் படம் ஒன்றுகூட இல்லை” என்று கேட்டார். படத்தை எடுத்துக் கொடுத்தேன். பாதி நெற்றியும் ஒரு கண்ணும் மட்டுமே அதில் தெரிந்தன. அவர் அந்த இடத்தில் விரலை வைத்தவாறு நெடுநேரம் பார்த்தார். பிறகு, “இது அவன் கண்தான்” என்றார். என்னை அவர் ஒரு சொல்லும் கடிந்து கூறவில்லை. ஒரு படி எடுத்துக் கொடுத்தேன். முந்தானையில் சுற்றி வாங்கிக்கொண்டு போனார்.

அழகு என்று நான் கருதியது எதை? ஒரே நிறமான சட்டைகளின் வரிசையை. அந்தத் தாய் கண்டது எதை? அரைக்கண் அளவே ஆன ஓர் உயிரை. அன்று முதல், ஓய்வு பெறும் வரை, ஒவ்வொரு குழுப்படத்தின்போதும் காமிராவுக்கு அருகில் நான் சென்று நின்று, எல்லா முகமும் தெரிகின்றனவா என்று எண்ணிப் பார்த்த பின்னரே படமெடுக்கச் சொன்னேன். இப்பழக்கம் செய்த தவற்றை ஈடு செய்யாது; மீண்டும் நேராமல் காத்தது, அவ்வளவே.

சிவன் கோயில்களில் அறுபத்து மூவர் திருவுருவங்கள் வரிசையாக நிற்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அரசர் நிற்கிறார், அவருக்கு அருகே குயவர் நிற்கிறார், வேடர் நிற்கிறார், வண்ணார் நிற்கிறார். எவரும் எவரையும் மறைத்து நிற்கவில்லை. அவர்தம் வரலாற்றைப் பாடிய சேக்கிழார் அமைச்சராக இருந்தவர். ஆயினும் எளியவரைப் பின்வரிசைக்கு அனுப்பவில்லை. அவர் பிறந்த ஊரில் வாழ்கின்ற எனக்கு இவ்வுண்மை காலம் கடந்தே புலப்பட்டது.

அந்தக் கல்லூரி மாணவருக்கு நான் கூறிய விடை இதுதான்: “ஏரிப் படம் அழகானது, ஐயமில்லை. அந்த ஒளிக்காக நீங்கள் காத்திருந்தது அதில் தெரிகிறது. ஆனால் மூதாட்டியின் படத்தை அழித்துவிடாதீர்கள். சாய்ந்திருந்தாலும், அதில் ஒருவர் உங்களைப் பார்க்கிறார். நாளை அவரிடம் சென்று, எடுத்ததைச் சொல்லி இசைவு கேளுங்கள். அவர் இசைந்தால் ஒரு படி அச்சிட்டுக் கொடுங்கள்.”

அடுத்த வாரம் குன்றின் அடிவாரத்தில் அம்மூதாட்டியைக் கண்டேன். பூக்கூடைக்குள், ஈரம் படாதபடி பிளாஸ்டிக் உறையில் இட்டு, அந்தப் படத்தை வைத்திருந்தார். பூ வாங்க வருவோரிடமெல்லாம் அதை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார்.