ஸ்கேனர்ஸ் (திரைப்படம்)

ஸ்கேனர்ஸ் 1981 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் வெளிவந்த கனடிய அறிபுனைத் திகில் திரைப்படமாகும். டேவிட் குரோனென்பெர்க் எழுதி இயக்கிய இப்படத்தைக் குளோட் எரூ தயாரித்தார். ஸ்டீபன் லாக், ஜெனிபர் ஓ'நீல், மைக்கேல் அயர்ன்சைட், பேட்ரிக் மெக்கூகன் ஆகியோர் முக்கிய வேடங்களில் நடித்துள்ளனர். பிறருடைய மனதை ஊடுருவி அறியவும், அதன் வழியாக அவர்களது உடலைத் தாக்கவும் வல்ல மனிதர்களைப் பற்றியது இதன் கதை. அத்தகைய தொலையுணர்வு ஆற்றல் கொண்டோர் படத்தில் "ஸ்கேனர்கள்" என அழைக்கப்படுகின்றனர்.

கதைச் சுருக்கம்

(கதையின் முடிவும் இங்கு தரப்பட்டுள்ளது.)

கமரூன் வேல் (ஸ்டீபன் லாக்) வீடின்றி அலைபவன். சுற்றியிருப்போரின் எண்ணங்கள் அனைத்தும் அவன் தலைக்குள் ஓயாத இரைச்சலாக ஒலிக்கின்றன. வணிக வளாகமொன்றில் தன்னை இகழ்ந்து பேசும் பெண்ணுக்கு அவன் அறியாமலேயே வலிப்பு வரச் செய்கிறான். கான்செக் என்னும் தனியார் பாதுகாப்பு நிறுவனம் அவனைப் பிடித்து மருத்துவர் பால் ரூத்திடம் (மெக்கூகன்) ஒப்படைக்கிறது. எஃபெமெரால் என்ற மருந்தைச் செலுத்தி ரூத் அவ்விரைச்சலை அடக்குகிறார்.

கான்செக் நிறுவனம் தன் ஸ்கேனர் ஒருவரின் ஆற்றலைப் பார்வையாளர் முன்னிலையில் செய்து காட்டுகிறது. பார்வையாளர்களிலிருந்து முன்வரும் டாரில் ரெவோக் (அயர்ன்சைட்) தானும் ஒரு ஸ்கேனர் என்பதை மறைத்து, அவரது தலையை வெடித்துச் சிதறச் செய்கிறான். ஏனைய ஸ்கேனர்களைத் திரட்டும் ரெவோக், தன்னுடன் சேர மறுப்போரைக் கொன்று வருகிறான். அவனது அமைப்பினுள் ஊடுருவ வேல் அனுப்பப்படுகிறான். தேடலின்போது, சிற்பம் செய்வதன் மூலமே தன் மனநிலையைக் காத்துவரும் பெஞ்சமின் பியர்சையும், அமைதி வழியில் கூடி வாழும் ஸ்கேனர் குழுவைச் சேர்ந்த கிம் ஒப்ரிஸ்டையும் (ஜெனிபர் ஓ'நீல்) சந்திக்கிறான்.

கான்செக்கின் பாதுகாப்புத் தலைவர் கெல்லர் ரெவோக்கின் ஆள் என்பது பின்னர் தெரியவருகிறது. ரூத் கெல்லரால் கொல்லப்படுகிறார். பொதுத் தொலைபேசி இணைப்பின் வழியாகக் கணினியின் நிரலை மனதால் படிக்கும் வேல், கருவுற்ற பெண்களுக்கு எஃபெமெரால் கொடுத்துவரும் மருத்துவர்களின் பட்டியலைப் பெறுகிறான். அம்மருந்தை உருவாக்கியவர் ரூத். வேலும் ரெவோக்கும் அவருடைய மகன்கள். தாய்மாருக்கு அமைதி தருவதற்காகக் கொடுக்கப்பட்ட மருந்தின் பக்கவிளைவாகவே ஸ்கேனர்கள் பிறந்தனர். ஒரு புதிய தலைமுறை ஸ்கேனர்களை உருவாக்கவே ரெவோக் அதே மருந்தை மீண்டும் பரப்புகிறான். இறுதியில் சகோதரர் இருவரும் மனவலிமையால் மோதுகின்றனர். வேலின் உடல் எரிந்து போகிறது. ஆனால் அவனது மனம் ரெவோக்கின் உடலில் குடிகொள்கிறது.

தயாரிப்பு

1970களின் நடுப்பகுதியிலிருந்து கனடாவில் திரைப்படங்களில் செய்யப்படும் முதலீட்டிற்கு முழு வரிக்கழிவு வழங்கப்பட்டு வந்தது. ஆண்டு முடிவதற்குள் பணம் செலவிடப்பட வேண்டும் என்பதால் பல படங்கள் அவசரமாகத் தொடங்கப்பட்டன. ஸ்கேனர்சும் அவ்வாறே, திரைக்கதை முழுமை பெறுவதற்கு முன்பே, 1979 இன் இறுதியில் மொண்ட்ரியாலில் படமாக்கத் தொடங்கப்பட்டது. குரோனென்பெர்க் அதிகாலையில் காட்சிகளை எழுதிவிட்டுப் பின்னர் படப்பிடிப்பிற்குச் சென்றார். முதல் நாளன்று, நெடுஞ்சாலையோரப் படப்பிடிப்பை வேடிக்கை பார்த்த சரக்குந்து ஓட்டுநர் ஒருவர் ஏற்படுத்திய விபத்தில் இரு பெண்கள் உயிரிழந்தனர்.

ஒளிப்பதிவை மார்க் இர்வினும், படத்தொகுப்பை ரொனால்ட் சாண்டர்சும் மேற்கொண்டனர். ஹோவர்ட் ஷோர் வாத்தியக் குழுவின் இசையையும் மின்னணு ஒலிகளையும் இணைத்து இசையமைத்தார்.

சிறப்புக் காட்சிகள்

தலை வெடிக்கும் காட்சியே இப்படத்தின் மிகவும் அறியப்பட்ட காட்சியாகும். இதற்கெனச் செய்யப்பட்ட போலித் தலையினுள் மெழுகு, இரப்பர்த் துண்டுகள், உணவு மிச்சங்கள் முதலியன நிரப்பப்பட்டன. வெடிமருந்து எதிர்பார்த்த தோற்றத்தைத் தராததால், சிறப்புக் காட்சிப் பொறுப்பாளர் கேரி செல்லர் பின்புறமிருந்து வேட்டைத் துப்பாக்கியால் அத்தலையைச் சுட்டார். முதலில் படத்தின் தொடக்கத்தில் இருந்த இக்காட்சி, அதிர்ச்சியடைந்த பார்வையாளர்கள் அடுத்து வருவனவற்றைக் கவனிக்கத் தவறியதால் சற்றுப் பின்னால் நகர்த்தப்பட்டது. இறுதி மோதலுக்கான ஒப்பனையில் "த எக்சோர்சிஸ்ட்" படத்தின் ஒப்பனைக் கலைஞர் டிக் ஸ்மித் பங்காற்றினார்.

கருப்பொருள்

எஃபெமெரால் தலிடோமைடு மருந்தை நினைவூட்டுவதாகப் பலர் சுட்டியுள்ளனர். 1957 இல் மேற்கு செருமனியில் தூக்க மருந்தாக விற்பனைக்கு வந்த தலிடோமைடு, கருவுற்ற பெண்களின் குமட்டலுக்கும் கொடுக்கப்பட்டது. அதனால் உலகெங்கும் 10,000 க்கும் மேற்பட்ட குழந்தைகள் உறுப்புக் குறைபாடுகளுடன் பிறந்தனர். மேற்கு செருமனியில் 1961 நவம்பரில் திரும்பப் பெறப்பட்ட பின்னரும், கனடாவில் 1962 மார்ச் வரை அது விற்பனையில் இருந்தது. அங்கு நிகழ்ந்தது கவனக்குறைவு. படத்திலோ, விளைவை நன்கு அறிந்தே மருந்து இரண்டாம் முறை கொடுக்கப்படுகிறது. தம் விருப்பமின்றி இவ்வாற்றலைப் பெற்றவர்களை மகனாகவோ நோயாளியாகவோ கருதாமல், நிறுவனமும் ரெவோக்கும் ஒருங்கே ஆயுதமாகவே கருதுகின்றனர்.

வரவேற்பு

சுமார் 41 இலட்சம் கனடிய டாலர் செலவில் எடுக்கப்பட்ட இப்படம் வசூலில் வெற்றி பெற்றது. விமர்சகர்களிடையே கருத்துக்கள் மாறுபட்டன. ரோஜர் ஈபர்ட் நான்கு நட்சத்திரங்களுக்கு இரண்டு மட்டுமே வழங்கினார். ஓவியருமான ஸ்டீபன் லாக்கின் நடிப்பு உணர்ச்சியற்றது என்று குறை கூறப்பட்டது. அயர்ன்சைட்டின் நடிப்பு பாராட்டப்பட்டது. இப்படத்தின் வெற்றிக்குப் பின்னர் குரோனென்பெர்க் "வீடியோட்ரோம்" (1983), "த ஃபிளை" (1986) முதலிய படங்களை இயக்கினார்.

தொடர்ச்சிகள்

குரோனென்பெர்க்கின் பங்களிப்பின்றி நான்கு தொடர்ச்சிகள் வெளிவந்தன:

- ஸ்கேனர்ஸ் II: த நியூ ஆர்டர் (1991)
- ஸ்கேனர்ஸ் III: த டேக்கோவர் (1992)
- ஸ்கேனர் காப் (1994)
- ஸ்கேனர் காப் II (1995)